களத்திற் கூடியோரும் கல்வியிற் கூடியோரும்

ஒரு சொல் தான் பிறந்த பொருளை விட்டுப் பிறிதொரு பொருளின்மேற் சென்று தங்குவதை இலக்கண நூலார் ஆகுபெயர் என்பர். அங்ஙனஞ் சென்ற சொல் சென்ற இடத்திலும் நில்லாது மேலும் மேலும் நடப்பதுண்டு. கார் என்பது கருநிறத்தைக் குறித்தது. பின் அந்நிறமுடைய முகிலைக் குறித்தது. பின் முகில் பொழியும் பருவத்தைக் குறித்தது. ஈற்றில் அப்பருவத்து விளையும் நெல்லையுங் குறித்தது. கார் அறுத்தேன் என்று சொல்லுங் கமக்காரன் கருமையையும் நினைப்பதில்லை, முகிலையும் நினைப்பதில்லை.

அமெரிக்கப் பல்கலைக் கழகங்களைக் குறித்து நம்மிடையே வழங்கும் ஒரு பெயருக்கும் இவ்வாறே நேர்ந்துள்ளது. 'ஐவி லீக்' என்பது அப்பெயர். ஐவி ஒரு படர்கொடி. பழைய கல்லூரிகளின் கற்சுவர்களை மூடி வளர்வது. கொடியின் பெயர் அது படர்ந்த கல்லூரிகளுக்காயிற்று. 1930-களில் விளையாட்டுச் செய்தி எழுதிய பத்திரிகையாளர் கையில் அது அக்கல்லூரிகளின் ஆட்டக் குழுக்களுக்காயிற்று. இன்றோ, கல்வியில் தலைசிறந்தது என்னும் பொருளில் வந்து நிற்கின்றது. பிள்ளையை மேற்படிப்புக்கு அனுப்ப விழையும் பெற்றோரும், அவருக்கு வழி சொல்லும் ஆசிரியருங்கூட அதனை ஒரு கல்வித் தரச்சான்று போலவே கையாளுகின்றனர். 'பிக் டென்', அஃதாவது பெரிய பத்து, என்பதும் அவ்வாறே வழங்குகின்றது. உண்மையில் இவை இரண்டும் விளையாட்டுச் சங்கங்களின் பெயர்கள். இன்ன சங்கத்தைச் சேர்ந்த கழகம் என்று ஒரு முகவர் புகழ்ந்துரைக்கும்போது, அங்கு படிக்கச் செல்லும் மாணவனுக்கு அதனால் யாது கிடைக்கும் என்று வினவுவார் இலர். வினவாமையால் வரும் இழப்புச் சிறிதன்று. காலமும் பொருளும் திரும்பி வாரா.

ஐவி லீக்கில் உள்ளவை எட்டு: பிரவுன், கொலம்பியா, கோர்னெல், டார்ட்மத், ஹார்வார்ட், பென்சில்வேனியா, பிரின்ஸ்டன், யேல். 1945-இல் காற்பந்தாட்டத்துக்கு மட்டும் இவை ஓர் உடன்படிக்கை செய்தன. 1954-இல் அதனை எல்லா ஆட்டங்களுக்கும் விரித்தன. விளையாட்டுத் திறனுக்கென உபகாரச் சம்பளம் கொடுத்தலாகாது என்பது அவர்தம் தலையாய விதி. இவ்வெட்டும் உயர்ந்த கல்விச்சாலைகள் என்பதில் ஐயமில்லை. ஆயினும் உயர்வுபற்றி இவை ஒன்று சேர்ந்தில. உயர்வுதான் அளவுகோலாயின் மசச்சூசெட்ஸ் தொழினுட்பக் கழகமும் ஸ்டான்போர்ட் பல்கலைக் கழகமும் வெளியே நிற்பானேன்? தொன்மைதான் அளவுகோலாயின், 1693-இல் எழுந்த வில்லியம்-மேரி கல்லூரி வெளியே இருக்க, 1865-இல் எழுந்த கோர்னெல் உள்ளே இருப்பானேன்? யார் யாரோடு வழக்கமாக ஆடி வந்தனர் என்பதே ஆங்கு அளவுகோல். வட்டுக்கோட்டையில் 1823-இல் செமினரியைத் தொடங்கிய டானியேல் பூவர் 1811-இல் டார்ட்மத்திற் பட்டம் பெற்றவர். தாம் ஐவி லீக்கிற் பயின்றதாக அவர் ஒருநாளும் எண்ணியிருக்க முடியாது. அச்சொல் பிறக்க இன்னும் நூற்றாண்டுக்கு மேற் கிடந்தது. ஆயினும் அவர் கற்ற கல்வி அதனாற் குறைந்துவிடவில்லை.

கல்லூரிக்குக் கல்லூரி ஆடும் வழக்கம் அந்நாட்டில் எங்ஙனந் தொடங்கிற்று என்று நோக்கின் ஒரு சுவையான செய்தி கிடைக்கும். 1852 ஆகத்து மாதத்தில் நியூ ஹாம்ப்ஷயரில் உள்ள வின்னிப்பசாக்கி ஏரியில் ஹார்வார்ட் மாணவரும் யேல் மாணவரும் படகுப் போட்டி நடத்தினர். அமெரிக்கக் கல்லூரிகள் தம்முள் நடத்திய முதற் போட்டி அதுவே. செலவை ஏற்றது எக்கல்லூரியுமன்று. அவ்வழியே இருப்புப்பாதை அமைத்திருந்த ஒரு ரயில் கம்பனி. போட்டி காண மக்கள் ரயிலேறி வருவர் என்பது கம்பனியின் கணக்கு. வாணிகம் இவ்விளையாட்டுகளுட் பிற்காலத்திற் புகுந்தது என்று வருந்துவோர் இதனை அறிந்திலர் போலும். பிறந்த அன்றே தொட்டிலருகில் அது நின்றது.

இனி, சங்கம் என்று நாம் எழுதுவதை ஆங்கிலத்திற் 'கொன்பரன்ஸ்' என்பர். நமக்கு அச்சொல் மாநாடு என்றே பொருள்படும். பந்தாடுவோர் கூட்டுக்கு மாநாடு என்னும் பெயர் பொருந்துமாறு எங்ஙனம்? 1895 சனவரி 11-ஆந் திகதி, பேர்டியூ பல்கலைக் கழகத் தலைவர் ஜேம்ஸ் ஸ்மார்ட் அழைக்க, மத்திய மேற்குப் பகுதியைச் சேர்ந்த கல்லூரித் தலைவர் எழுவர் சிக்காகோ நகரிற் கூடினர். அக்காலத்துக் கல்லூரிக் குழுக்களில் மாணவரல்லாதாரும் ஆடினர். இன்று ஓரிடத்திலும் நாளை வேறோரிடத்திலும் கூலிக்கு ஆடுவோரும் இருந்தனர். முழுநேர மாணவராய், பாடங்களிற் பின்தங்காதவராய் உள்ளவரே ஆடலாம் என்று விதி செய்ய வேண்டியே அத்தலைவர்கள் கூடினர். மறு ஆண்டு பெப்ரவரியில் இலினோய், சிக்காகோ, நோர்த்வெஸ்டேண், பேர்டியூ, மிச்சிகன், மினசோட்டா, விஸ்கொன்சின் என்னும் ஏழு கழகங்களும் அதனை நிலையான அமைப்பாக்கின. பேராசிரியப் பிரதிநிதிகளின் மாநாடு என்பதே அதன் முறையான பெயர். ஆகவே அது உண்மையாகவே மாநாடுதான். பேராசிரியர் எழுந்து போனபின்னும் பெயர் மட்டும் இருக்கையில் எஞ்சியிருக்கின்றது.

அதுவே பின்னர் பெரிய பத்து என்று பெயர் பெற்றது. 1990-இற் பதினொன்றாவது கழகம் உடன்பட்டபோதும் பெயர் மாறவில்லை. 2024 முதல் அதில் 18 கழகங்கள் உள்ளன. பெயர் இன்னும் பத்தே. பத்துப்பாட்டிற் பத்தும், பதினெண் கீழ்க்கணக்கிற் பதினெட்டும் எண்ணி வைத்த நம் முன்னோர் இதனைக் கேட்பின் முறுவலிப்பர்.

இத்தகைய சங்கத்தில் உறுப்பாதல் என்பது யாது? யார் யாரோடு எந்நாளில் ஆடுவது என்னும் அட்டவணைக்கு உடன்படுதல். ஆடுவோர்க்குரிய தகுதி விதிகளுக்குக் கட்டுப்படுதல். நடுவரையும் தீர்ப்பையும் ஏற்றல். வரும் பணத்தைப் பங்கிட்டுக் கொள்ளல். இவ்வளவே அதன் உள்ளீடு. ஹார்வார்ட்டிற் படிப்பவன் யேலிற் சென்று வகுப்பில் அமர்வதற்கு அச்சங்கம் உரிமை தராது. ஓரிடத்துத் தேர்ச்சியை மற்றோரிடம் ஏற்கவேண்டும் என்று அது சொல்லாது. எதிர்த்து ஆடுவதற்கு ஒருவர் வேண்டும் என்பதே ஆங்கு உறவின் அடிப்படை. ஒருவர் வெல்ல மற்றவர் தோற்றே ஆகவேண்டும். கல்விக் கூட்டுறவில் ஒருவரிடம் இல்லாததை மற்றவர் கொடுக்கின்றனர்; கொடுத்தவரிடமும் அது குறைவதில்லை.

இவ்விரண்டும் வெவ்வேறென்பதற்குச் சிக்காகோ பல்கலைக் கழகத்தின் வரலாற்றினும் சிறந்த சான்று இல்லை. ஆதலின் அதனைச் சற்று விரித்துச் சொல்லுவோம்.

1892-இற் கதவு திறந்த அக்கழகம், அவ்வாண்டிலேயே அமோஸ் அலன்சோ ஸ்டாக் என்பவரைப் பயிற்றுநராக அமர்த்திற்று. அவர் நாற்பது ஆண்டுகள் அங்கிருந்தார். அமெரிக்கக் காற்பந்தென்பது, பெயர் காற்பந்தாயினும் பெரும்பாலும் கையாற் சுமந்து ஓடும் ஆட்டம். அதில் அந்நாளிற் சிக்காகோவின் பெயர் ஓங்கி நின்றது. நாட்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரனுக்கு அளிக்கும் ஹைஸ்மன் விருதை 1935-இல் முதன்முதற் பெற்றவர் அக்கழகத்து மாணவரே. ஆனால் 1929-இல், முப்பதே வயதில், தலைமையேற்ற ரொபேட் ஹச்சின்ஸ் என்பார் கல்லூரிக்கு வேண்டியது கல்வியே என்னுங் கொள்கையினர். பாடத்திட்டம் கடுமையாயிற்று, குழு மெலிந்தது. 1939 ஒக்டோபரில் மிச்சிகன் 85 புள்ளி எடுக்கச் சிக்காகோ ஒன்றேனும் எடாது தோற்றது. அவ்வாண்டு திசெம்பரிற் காற்பந்தாட்டமே நிறுத்தப்பட்டது. 1946-இற் கழகம் சங்கத்திலிருந்தும் விலகிற்று. தான் தோற்றுவித்த சங்கத்தைத் தானே துறந்தது.

ஆட்டமொழிந்த களம் வெறுமையாய்க் கிடக்கவில்லை. அதன் மேற்குப் பார்வையாளர் மேடையின் அடியில், பந்தாடும் ஓர் அறையில், 1942 திசெம்பர் 2-ஆந் திகதி என்றிக்கோ பேர்மி தலைமையிலான அறிஞர்கள் அணுப்பிளவின் தொடர்வினையைக் கட்டுப்பாட்டுடன் நடத்திக் காட்டினர். உலகில் அது முதன்முறை. அதன் விளைவு நன்றோ தீதோ என்னும் வழக்கு ஈண்டு வேண்டா. பின்னர் மேடை இடிக்கப்பட்டது. 1970-இல் அக்களத்தின்மேல் ரெகென்ஸ்டைன் நூலகம் திறக்கப்பட்டது. பந்துக்குப் பின்னே ஓடிய நிலத்தில் இன்று நூல்கள் அடுக்கப்பட்டிருக்கின்றன.

வேற்றுமையைக் காட்டும் நிகழ்ச்சி 1958-இல் நடந்தது. அவ்வாண்டிற் பெரிய பத்தின் கழகங்கள் ஆராய்ச்சியிலும் நூலகத்திலும் கற்பித்தலிலும் ஒன்றுக்கொன்று உதவும்பொருட்டு நிறுவன ஒத்துழைப்புக் குழு என்பதனை அமைத்தன. பத்துக் கழகங்களோடு பதினொன்றாவதாக ஒன்றையும் அழைத்தன. அது சிக்காகோ! ஆட்டக்களத்தை விட்டுப் பன்னிரண்டு ஆண்டு கழிந்தபின்னும் கல்விப் பந்தியில் அதற்கு இலை போடப்பட்டது. 2016 வரை அது அக்குழுவில் இருந்தது. அவ்வாண்டிலேயே குழுவின் பெயரும் பெரிய பத்துக் கல்விக் கூட்டணி என்று மாறிற்று. பெயரால் மயக்கம் பெருகியதேயன்றிக் குறைந்திலது. இப்பெயர் மாற்றம் எமக்கு உவப்பன்று.

அக்கூட்டுறவு செய்வன யாவை? கலாநிதிப் பட்ட ஆய்வாளர் ஒருவர் தம் கழகத்திற் பதிவு நீங்காமல், மேலதிகக் கட்டணமும் செலுத்தாமல், மற்றொரு கழகஞ் சென்று அங்குள்ள பேராசிரியரிடமும் ஆய்வுகூடத்திலும் சில காலம் பயிலலாம். ஒரு கழகத்து நூலை மற்றொரு கழகத்து மாணவர் இரவல் பெறலாம். மாணவர் தொகை குறைந்த மொழிகளை ஓரிடத்து ஆசிரியர் கற்பிக்க, வேறிடத்து மாணவர் தொலைத்தொடர்பு வழியே கேட்டுப் பயிலலாம். இரண்டு மூன்று மாணவர்க்காக ஓர் ஆசிரியரை அமர்த்த எக்கழகமும் தயங்கும். பல கழகத்து மாணவரையுஞ் சேர்த்து ஒரு வகுப்பாக்கினால் அம்மொழி பிழைத்துக் கொள்ளும். சிறுபான்மை மொழியைக் கற்பிக்கும் எவரும் இதன் அருமையை உணர்வர்.

2008-இல் இக்குழுவின் கழகங்களும் கலிபோர்னியாப் பல்கலைக் கழகத்தின் நூலகங்களுஞ் சேர்ந்து 'ஹாத்தி டிரஸ்ட்' என்னும் மின்னூலகத்தைத் தொடங்கின. ஹாத்தி என்பது இந்தி மொழியில் யானை. மறவாமை குறித்து அப்பெயர். அதில் 1 கோடியே 70 இலட்சத்துக்கு மேற்பட்ட நூற்படிகள் உள. தமிழ் நூல்களும் உள. தொடங்கியபோது கலிபோர்னியாவினர் விளையாட்டில் வேறொரு சங்கத்தினராய் இருந்தனர். யானைக்கு அது பொருட்டாகவில்லை. ஐவி எண்மரும் இத்தகையரே. நூல் இரவலில் அவர்கள் எண்மராய் நிற்கவில்லை. சிக்காகோ, டியூக், ஜோன்ஸ் ஹொப்கின்ஸ், மசச்சூசெட்ஸ் தொழினுட்பக் கழகம், ஸ்டான்போர்ட் ஆகிய ஐந்தையுஞ் சேர்த்துப் பதின்மூன்று நூலகங்களின் கூட்டாய் நிற்கின்றனர்.

ஒரு தடை எழும். பெரிய பத்திற் சேரும் கழகம் கல்விக் கூட்டணியிலும் சேர்க்கப்படுகின்றதே, பின் இரண்டும் ஒன்றுதானே எனின், அது முற்றும் பொய்யன்று. 2011-இற் சேர்ந்த நெப்ராஸ்காவும் 2024-இற் சேர்ந்த நான்கு மேற்குக்கரைக் கழகங்களும் கல்விக் கூட்டணியிலும் இடம் பெற்றன. புதியவரைச் சேர்க்கும்போது அவர்தம் ஆராய்ச்சிச் சிறப்பையும் பார்ப்பது அச்சங்கத்தின் வழக்கம். ஆயினும் வாயிற் கதவைத் திறந்தது எது என்பதே வினா. நெப்ராஸ்காவையே நோக்குக. 1900-இற் 14 கழகங்கள் கூடி நிறுவிய அமெரிக்கப் பல்கலைக் கழகச் சங்கம் ஆராய்ச்சித் தரம் ஒன்றையே நோக்கி உறுப்பினரைக் கொள்வது. நெப்ராஸ்கா 1909 முதல் அதில் இருந்தது. 2011-இல், மருத்துவப் பிரிவு தனி நிர்வாகத்தில் இருந்தமையாலும் வேளாண் ஆராய்ச்சிக்குரிய நிதி முழுமையாகக் கணிக்கப்படாமையாலும், அளவிற் குறைந்ததென்று வாக்கெடுப்பினால் நீக்கப்பட்டது. அதே ஆண்டு யூலையிற் பெரிய பத்து அதனை மாலையிட்டு வரவேற்றது. ஒரு கழகத்தை ஒரே ஆண்டில் அறிஞர் சபை வெளியனுப்ப ஆட்டச் சபை உள்ளழைத்ததெனின், இரண்டின் கண்ணும் வேறென்பதற்கு வேறு சாட்சி வேண்டுமோ?

வாயிற் கதவைத் திறப்பது பெரும்பாலும் பணம். 1984-இல் அமெரிக்க உயர் நீதிமன்றம், காற்பந்தாட்டத்தைத் தொலைக்காட்சிக்கு விற்கும் உரிமையைத் தேசியச் சங்கம் ஒன்றே வைத்திருத்தல் செல்லாதென்று தீர்த்தது. அன்று முதல் ஒவ்வொரு சங்கமும் தானே விற்கத் தொடங்கிற்று. 2022-இற் பெரிய பத்து ஏழாண்டுக்குச் செய்த ஒப்பந்தத்தின் பெறுமதி 700 கோடி டொலருக்கு மேல் என்று பத்திரிகைகள் எழுதின. பயிர் உள்ள இடத்தைப் பறவை அறியும். 1915-இல் வேரூன்றிய பசிபிக் கரைச் சங்கத்திலிருந்து உறுப்பினர் ஒவ்வொருவராய்ப் பறந்து 2024-இல் இரண்டே கழகங்கள் எஞ்சின. பசிபிக் கடலோரத்து ஸ்டான்போர்டும் பேர்க்லியும் அத்திலாந்திக் கரைச் சங்கத்திற் சேர்ந்தன, அதுவும் பல ஆண்டுகளுக்குக் குறைந்த பங்கு பெற ஒப்பி! நாட்டின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு விமானத்திற் சென்று ஆடவேண்டும். அவர்கள் மாணவர் என்பதும், அவர்க்குப் பாடம் உண்டு என்பதும் யாருக்கேனும் நினைவிருந்ததா என்று கேட்கத் தோன்றுகின்றது. 1895-இற் கூடிய அத்தலைவர்கள் இதனைக் காணாது போயினமை நன்றே.

இதில் மிக வியப்பானது பேர்க்லி, லொஸ் ஏஞ்சலஸ் ஆகிய இரண்டின் கதை. இரண்டும் தனித்தனிப் பல்கலைக் கழகங்கள் அல்ல. கலிபோர்னியாப் பல்கலைக் கழகம் என்னும் ஒரே குடியின் இரு வளாகங்கள். ஆளுநர் சபை ஒன்று; நூலகத் தொகுப்பு ஒன்று. அக்காளும் தங்கையும் ஓர் அடுப்பில் உண்பவர். விளையாட்டில் மட்டும் தங்கை பெரிய பத்துக்குப் போனாள். அக்காள் அத்திலாந்திக்குக்குப் போனாள். தங்கை போனதால் அக்காளுக்கு வந்த நட்டத்துக்கு ஈடாக, லொஸ் ஏஞ்சலஸ் வளாகம் ஆண்டுக்கு 1 கோடி டொலர் வீதம் மூன்றாண்டு பேர்க்லிக்குக் கொடுக்க வேண்டுமென்று 2024-இல் ஆளுநர் சபை தீர்மானித்தது. அவ்வீட்டில் ஒரு நூல் இரவல் போவதற்கு இத்தகைய பஞ்சாயம் வேண்டியதில்லை.

ஒரே கழகம் ஆட்டத்துக்கு ஆட்டம் வேறு சங்கத்தில் இருத்தலும் உண்டு. நொற்றடேம் பல்கலைக் கழகம் காற்பந்தில் எச்சங்கத்துக்கும் கட்டுப்படாது. மற்றைப் பெரும்பாலான ஆட்டங்களில் அத்திலாந்திக் கரையினருடன். பனிக்கட்டி ஹொக்கியிற் பெரிய பத்தினருடன். கல்வித் தரத்தைச் சங்கத்தாற் கணிப்போர் நொற்றடேமை எந்தத் தட்டில் நிறுத்துவர்?

மறுபுறம், ஆட்டத்தில் ஒன்றுபடாமலே கல்வியில் ஒன்றுபட்டார்க்கு மசச்சூசெட்ஸ் மாநிலத்தில் ஓர் எடுத்துக்காட்டு உளது. அம்ஹேர்ஸ்ட், ஸ்மித், மவுண்ட் ஹோலியோக் என்னுங் கல்லூரிகளும் மசச்சூசெட்ஸ் பல்கலைக் கழகமும் அண்டை அயலில் உள்ளவை. 1958-இல் இந்நான்கும் கூடித் தமக்கு ஒரு புதிய துணைக் கல்லூரி வேண்டுமென்று திட்டம் வரைந்தன. அதன் பயனாக 1970-இல் ஹாம்ப்ஷயர் கல்லூரி மாணவரை ஏற்றது. நான்கு கூடி ஐந்தாவதைப் பெற்றன! இடையில், 1965-இற் கூட்டமைப்பும் முறையாக எழுந்தது. ஓரிடத்திற் பதிந்த மாணவர் மற்றையிடங்களில் வகுப்புக்குச் செல்லலாம். செல்வதற்கு இலவச பஸ் ஓடிற்று. விளையாட்டிலோ அம்ஹேர்ஸ்ட் ஒரு சங்கம், ஸ்மித்தும் மவுண்ட் ஹோலியோக்கும் வேறொரு சங்கம், பல்கலைக் கழகம் இன்னொன்று. இக்கூட்டமைப்பின் பெயரை நம் ஊரில் அறிந்தார் எத்தனை பேர்? தொலைக்காட்சியில் ஓட்டிக் காட்டுதற்கு அதில் ஒன்றுமில்லை. பஸ் ஒன்றைத் தவிர.

ஆதலின், அமெரிக்கா செல்லவிரும்பும் மாணவன் ஒரு கழகத்தைப்பற்றி வினவும்போது, அது எச்சங்கத்தில் ஆடுகின்றது என்பதைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். அது எந்நூலகங்களோடு இரவல் உறவுடையது, வேறு எக்கழகத்தில் வகுப்புக்குச் செல்ல இடந்தருகின்றது, அங்குப் பெற்ற தேர்ச்சியைத் தன் பட்டத்துக்குக் கணிக்கின்றதா, அதற்குத் தனிக் கட்டணம் உண்டா என்பவற்றை எழுத்திற் கேட்டறிதல் தக்கது. முகவர் வாய்மொழியை இதற்கு நம்புதலாகாது. நன்றாக ஆடும் பிள்ளைக்கு மட்டும் முதல் வினாவே சங்கம்பற்றியதாகலாம். 2025 யூனில் நீதிமன்றம் ஏற்ற ஓர் உடன்பாட்டின்பின் கழகங்கள் ஆட்டக்காரருக்கு நேரே பணம் கொடுக்கவும் வழி பிறந்தது. ஐவி எண்மர் அதில் இறங்க மறுத்துவிட்டனர். அவ்வகையில் அப்பிள்ளைக்குச் சங்கத்தின் பெயர் காசு. மற்றைப் பிள்ளைகளுக்கு அது வெறுஞ் சுவர்க்கொடி.

சிக்காகோவுக்கு மீண்டும் வருவோம். அதனோடு தமிழுக்கு ஒரு தொடர்புண்டு. ஏ. கே. இராமானுசன் 1962 முதல் 1993-இல் மறையும்வரை அங்கிருந்தே பழந்தமிழ்ப் பாக்களை ஆங்கில உலகுக்கு அறிமுகஞ் செய்தார். செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் என்பார் தம் வாழ்நாளெல்லாம் தேடித் தேடித் தமிழ் நூல்களையும் இதழ்களையும் விளம்பரத் தாள்களையுங்கூடச் சேர்த்து வைத்தார். ஏறத்தாழ ஓரிலட்சம் உருப்படிகள். 1992-இல் அவர் காலமானார். கறையானுக்கும் பழந்தாள் வாங்குவோருக்கும் இரையாகும் நிலையில் இருந்த அத்தொகுதியைச் சிக்காகோப் பல்கலைக் கழகம் விலைகொடுத்து வாங்கிற்று. வாங்கியதைக் கப்பலேற்றிக் கொண்டு போகவில்லை. 1994-இற் சென்னையிலேயே ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் எழுந்தது. சிதையும் ஏடுகள் நுண்படமாக்கப்பட்டன. மூல நூல்கள் தமிழ் நாட்டிலேயே இருந்து, கேட்டு வருவோர்க்குக் கிடைக்கின்றன.